உயில்வழி அறக்கொடை: புற்றுநோய்ப் பணிக்கு ஒரு துணை

நாட்டின் மக்கள் நல்வாழ்வுக்கு அறைகூவலாக விளங்கும் நோய்களுள் புற்றுநோய் முன்னிடம் பெறுகிறது. உலக நல்வாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 14.1 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது, ஏறத்தாழ 9.2 லட்சம் பேர் இதனால் உயிரிழந்தனர். மத்திய அரசு 1975-ஆம் ஆண்டிலேயே தேசியப் புற்றுநோய்த் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2018-இல் நடைமுறைக்கு வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம், தகுதியுடைய குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழி செய்துள்ளது.

எனினும் புற்றுநோய்ச் சிகிச்சை என்பது மருத்துவமனைக் கட்டணத்துடன் முடிந்துவிடுவதன்று. பல மாதங்கள் நீளும் கதிர்வீச்சு, மருந்துச் சிகிச்சைகளுக்காக நோயாளியும் துணைக்கு வருபவரும் வெளியூரில் தங்க வேண்டியுள்ளது. உணவு, பயணம், இழந்த கூலி ஆகியவை குடும்பத்தின் மீது சுமையாக இறங்குகின்றன. முற்றிய நிலையில் வலி தணிக்கும் பராமரிப்பு தேவைப்படுகிறது. தங்குமிடம், மருந்துதவி, முன்கண்டறிதல் முகாம், ஆய்வு ஆகிய பணிகளில் அறநிறுவனங்கள் நெடுங்காலமாக ஈடுபட்டு வருகின்றன. இந்நிறுவனங்களுக்கு நிதி வந்து சேரும் வழிகளுள் ஒன்று உயில்வழிக் கொடை. இதனைக் குறித்து நம் நாட்டில் போதிய தெளிவு இல்லை. எண்ணம் நல்லதாயிருந்தும் எழுத்தில் நேர்ந்த பிழையால் பயனின்றிப் போகும் கொடைகளும் உண்டு. ஆதலின் இதன் அடிப்படைகளை அறிந்துகொள்வது மாணவர்க்கும் அலுவலர்க்கும் பயன் தருவதாகும்.

முன்னோடிகள்

தனியார் செல்வம் மறைவுக்குப் பின் பொதுநலத்துக்குப் பயன்படுவது இந்நாட்டுக்குப் புதிதன்று. ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் இளைய மகன் சர் ரத்தன் டாட்டா 1918-இல் மறைந்தார். அவர் எழுதி வைத்த உயிலின்படி அவருடைய சொத்து அறப்பணிக்கு ஒதுக்கப்பட்டு, 1919-இல் அவர் பெயரிலான அறக்கட்டளை உருவாயிற்று.

மூத்தவரான சர் தொராப்ஜி டாட்டா வேறொரு வழியைக் கைக்கொண்டார். அவருடைய துணைவியார் மெஹர்பாய் 1931-இல் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். அடுத்த ஆண்டில் தொராப்ஜி, மனைவியின் நினைவாக இரத்தப் புற்றுநோய் ஆய்வுக்கென ஓர் அறக்கட்டளையை நிறுவினார். தம் செல்வத்தையும் தம் பெயரிலான மற்றோர் அறக்கட்டளைக்கு வாழ்நாளிலேயே எழுதிக் கொடுத்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவரும் மறைந்தார். அவ்வறக்கட்டளையின் முயற்சியால் 1941 பிப்ரவரி 28 அன்று பம்பாய் பரேல் பகுதியில் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. 1957-இல் மத்திய நல்வாழ்வு அமைச்சகம் அதனை ஏற்றது; 1962-இல் அது அணுசக்தித் துறையின் பொறுப்புக்கு மாறியது. ஒரு குடும்பத்தின் துயரத்திலிருந்து பிறந்த கொடை, இன்று நாடு முழுவதிலுமிருந்து வரும் நோயாளிகளுக்குப் புகலிடமாக உள்ளது.

வங்காளத்தில் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் தம் இல்லத்தைப் பொதுப்பணிக்கென விட்டுச் சென்றார். அவர் 1925-இல் மறைந்தபின், மறு ஆண்டில் அங்குச் சித்தரஞ்சன் சேவா சதன் தொடங்கப்பட்டது. அதன் கிளையாக 1950-இல் ஒரு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய புற்றுநோய் நிலையம், பொதுமக்களின் கொடைகளைத் துணையாகக் கொண்டே வளர்ந்தது.

செல்வர்களின் கொடைகளே வரலாற்றில் இடம் பெற்றுள்ளன. ஆனால் உயில்வழிக் கொடை செல்வர்க்கு மட்டும் உரியதன்று. வாழ்நாளில் பெருந்தொகை ஈய இயலாத ஆசிரியரும், எழுத்தரும், சிறு வணிகரும் தம் காலத்துக்குப் பின் எஞ்சுவதில் ஒரு பகுதியை ஒதுக்க இயலும். பிரிட்டனில் புற்றுநோய் ஆய்வுக்கான மிகப்பெரிய அறநிறுவனத்தின் ஆய்வுப் பணியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இத்தகைய உயில்வழிக் கொடைகளாலேயே நடைபெறுகிறது. அங்கு மரபுரிமை வரி உண்டு. அறநிறுவனத்துக்குச் செல்லும் சொத்துக்கு அவ்வரியிலிருந்து விலக்களிக்கப்படுகிறது. இந்தியாவிலோ 1953-இல் இயற்றப்பட்ட மரணவரிச் சட்டம் 1985-இல் கைவிடப்பட்டது. வாழ்நாளில் தரும் நன்கொடைக்கு வருமான வரிச் சட்டம் சலுகை தருகிறது; உயில்வழிக் கொடைக்கு வரித் தூண்டுதல் ஏதுமில்லை. ஆகவே இங்கு இக்கொடை முற்றிலும் மனமுவந்து செய்யப்படுவதாகும்.

உயிலின் இயல்பு

ஒருவர் தம் சொத்து தம் மறைவுக்குப் பின் எவ்வாறு சேர வேண்டுமென்று சட்டப்படி தெரிவிக்கும் விருப்ப அறிவிப்பே உயில் ஆகும். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் இதற்கான விதிகளை வகுத்துள்ளது. மனத்தெளிவுடைய, 18 வயது நிறைந்த எவரும் உயில் எழுதலாம். நோயுற்றிருப்பது தடையன்று, தாம் செய்வது இன்னதென்று உணரும் நிலையில் இருத்தல் வேண்டும்.

தானப் பத்திரத்துக்கும் உயிலுக்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. தானப் பத்திரம் நிறைவேறியவுடன் உரிமை கைமாறுகிறது. பின்னர் மனம் போனபடி திரும்பப் பெற இயலாது. உயிலோ எழுதியவரின் மறைவுக்குப் பின்னரே செயற்படுகிறது. அவர் உயிருடன் உள்ளவரை எத்தனை முறையும் அதனை மாற்றலாம், நீக்கலாம். முதுமையில் தமக்கே பணம் தேவைப்படலாம் என்று அஞ்சுவோர்க்கு இதனால் இடரில்லை. வீட்டில் குடியிருந்து, வைப்புத் தொகையின் வட்டியில் வாழ்ந்துகொண்டே, எஞ்சுவதை அறத்துக்கு ஒதுக்கலாம்.

‘தருமம்’ என்ற சொல் போதாது

உயிலில் அறக்கொடை எழுதுவோர் செய்யும் முதற்பிழை தெளிவின்மை. ‘என் சொத்தில் ஒரு பகுதியைத் தருமத்துக்குச் செலவிடுக’ என்று எழுதுவது நம் மக்களுக்கு இயல்பானதே. ஆனால் அது சட்டத்தின் முன் நிற்பதில்லை. பம்பாயிலிருந்து சென்ற ஒரு வழக்கில், ‘தரம்’ என்னும் சொல்லால் எழுதப்பட்ட கொடை செல்லாது என்று பிரிவி கவுன்சில் 1899-இல் தீர்ப்பளித்தது. அச்சொல்லுக்குச் சட்டம், நல்லொழுக்கம், கடமை எனப் பல பொருள்கள் உண்டு. எதற்குச் செலவிட வேண்டுமென்று நீதிமன்றம் வரையறுக்கவோ மேற்பார்வையிடவோ இயலாது என்பது அதன் காரணம்.

ஏழைகளுக்கு உதவுதல், கல்வி, மருத்துவ உதவி, பொதுப்பயன் தரும் பிற பணிகள் ஆகியவற்றை 1890-ஆம் ஆண்டின் அறக்கொடைகள் சட்டம் அறநோக்கங்களாகக் குறிப்பிடுகிறது. எனவே ‘புற்றுநோயுற்ற ஏழைகளின் சிகிச்சைக்காக’ என்று நோக்கத்தை வரையறுத்து எழுதினால் அது தெளிவான அறநோக்கமாகும்.

நோக்கத்தைப் போலவே பெறுபவரின் பெயரும் தெளிவாக இருத்தல் வேண்டும். ‘பம்பாயிலுள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு’ என்றால் எந்த மருத்துவமனை என்ற வினா எழும். மருத்துவமனையின் பெயர் வேறாகவும், அதனை நடத்தும் அமைப்பின் பெயர் வேறாகவும் இருப்பதுண்டு. அவ்வமைப்பு பொது அறக்கட்டளையாகவோ, 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான சங்கமாகவோ, இலாப நோக்கற்ற நிறுமமாகவோ, அரசுத் துறையின் அங்கமாகவோ இருக்கலாம். பதிவு பெற்ற முழுப் பெயரையும், முகவரியையும், பதிவு எண்ணையும் அந்நிறுவனத்திடமே எழுதிக் கேட்டுப் பெற்று உயிலில் குறிப்பிடுவது நலம். அந்நிறுவனம் பிற்காலத்தில் இல்லாது போனாலோ, மற்றொன்றுடன் இணைந்தாலோ, அதே நோக்கமுடைய வேறு நிறுவனத்துக்குக் கொடையை அளிக்கும் அதிகாரத்தை உயில் நிறைவேற்றுநருக்கு ஒரு வரியில் கொடுத்துவிட்டால் வழக்குக்கு இடமிராது.

கொடையின் வகைகள்

உயில்வழிக் கொடையை மூவகையாகப் பிரித்துக் காணலாம். முதலாவது, குறிப்பிட்ட பொருட்கொடை: இன்ன வீடு, இன்ன நிலம், இன்ன வைப்புத் தொகை என்று சுட்டித் தருவது. இரண்டாவது, தொகைக் கொடை: இத்தனை ரூபாய் என்று தருவது. மூன்றாவது, எஞ்சிய சொத்தின் கொடை: கடன்களும் செலவுகளும் பிற கொடைகளும் போக மீதமுள்ளதில் ஒரு பங்கைத் தருவது.

குறிப்பிட்ட பொருளை அறத்துக்கு எழுதி வைத்தபின், அப்பொருள் உயில் எழுதியவரிடம் இறுதிவரை இருக்க வேண்டும். இடையில் விற்றுவிட்டால் அக்கொடை அற்றுப்போகும். ஒரு வைப்புத் தொகையின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதிவிட்டு, அது முதிர்ந்தபின் வேறு வகையில் முதலீடு செய்துவிடுவதால் நேரும் இழப்பு இவ்வகையினதே. தொகைக் கொடையில் இக்குறை இல்லை. ஆனால் விலைவாசி உயர உயர அதன் மதிப்புத் தேய்கிறது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு 30 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடும், 6 லட்சம் ரூபாய் மதிப்புள்ள நகைகளும், வங்கியில் 14 லட்சம் ரூபாயும் உள்ளன எனக் கொள்வோம். வீட்டை மகளுக்கும், நகைகளைப் பேத்திக்கும், 2 லட்சம் ரூபாயைத் தம்மைப் பேணிய பணிப்பெண்ணுக்கும் எழுதுகிறார். எஞ்சியதை மகனுக்கும் ஒரு புற்றுநோய் அறநிறுவனத்துக்கும் சமபங்காக எழுதுகிறார். இறுதிச் சடங்கு, மருத்துவச் செலவு, கடன் ஆகியவை 5 லட்சம் ரூபாய் ஆயின. வங்கிப் பணத்தில் அதுவும் பணிப்பெண்ணுக்குரிய 2 லட்சமும் போக 7 லட்சம் எஞ்சும், அறநிறுவனத்துக்கு 3.5 லட்சம் ரூபாய் சேரும்.

செலவு 10 லட்சமாக உயர்ந்திருந்தால் எஞ்சுவது 2 லட்சம். அறநிறுவனத்துக்கு 1 லட்சம் கிடைக்கும். பணிப்பெண்ணின் பங்கு குறையாது. மாறாக, அறநிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் என்று தொகையாகவே எழுதியிருந்தால் நிலைமை வேறாகும். 10 லட்சம் செலவு போக உள்ள 4 லட்சம் ரூபாயை, 7 லட்சம் ரூபாய்க் கொடைகளுக்கு விகிதப்படி பிரிக்க வேண்டும். பணிப்பெண்ணுக்கு ஏறத்தாழ 1.14 லட்சமும், அறநிறுவனத்துக்கு ஏறத்தாழ 2.86 லட்சமும் கிடைக்கும். மகனுக்கு ஒன்றும் எஞ்சாது. நெடுநாள் நோயில் செலவு எவ்வளவாகும் என்று முன்கூட்டி அறிய இயலாது. ஆகவே தம்மை நம்பியிருப்போரின் பங்கைக் காத்து, எஞ்சியதில் விகிதமாக அறத்துக்கு ஒதுக்குவதே பெரும்பாலோர்க்குப் பொருந்தும் முறையாகும்.

வாரிசுகளும் சட்ட வரம்புகளும்

எவ்வளவு சொத்தை உயிலால் அளிக்கலாம் என்பது அவரவர்க்குரிய தனிச் சட்டத்தைப் பொறுத்தது. இந்துக்கள் தாமாக ஈட்டிய சொத்தை மட்டுமின்றி, கூட்டுக் குடும்பச் சொத்தில் தமக்குள்ள பங்கையும் உயிலால் அளிக்க 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு இடமளிக்கிறது. பிறருடைய பங்கை அளிக்க இயலாது. முஸ்லிம் சட்டப்படி, இறுதிச் செலவும் கடனும் போக மீதமுள்ள சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் அளிப்பதற்கு வாரிசுகளின் ஒப்புதல் தேவை. 5 லட்சம் ரூபாய்ச் செலவு போக 45 லட்சம் ரூபாய் எஞ்சுமாயின், 15 லட்சம் ரூபாய் வரை வாரிசுகளின் ஒப்புதலின்றி அறத்துக்கு அளிக்கலாம்.

கிறிஸ்தவர்களைப் பொறுத்தவரை ஒரு பழைய தடை நெடுங்காலம் நீடித்தது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆம் பிரிவின்படி, உடன்பிறந்தாரின் மகனோ மகளோ அவரினும் நெருங்கிய உறவினரோ உள்ள ஒருவர் சமயப் பணிக்கோ அறப்பணிக்கோ சொத்தை எழுதினால், அவ்வுயில் அவருடைய மறைவுக்குக் குறைந்தது 12 மாதங்களுக்கு முன் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதிய 6 மாதங்களுக்குள் சட்டம் குறிக்கும் இடத்தில் வைப்புச் செய்யப்பட்டிருக்கவும் வேண்டும். மரணப் படுக்கையில் இருப்போரை வற்புறுத்திச் சொத்தை எழுதி வாங்குவதைத் தடுக்க 1736-இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சட்டத்தின் சாயல் இது. இங்கிலாந்தில் அவ்வகைச் சட்டங்கள் 1960-இல் நீக்கப்பட்ட பின்னும் இங்கு இப்பிரிவு நின்றது. நோய் கண்டறியப்பட்டபின் உயில் எழுதி ஓராண்டுக்குள் மறைந்த கிறிஸ்தவர் ஒருவரின் அறக்கொடை, அவர் எவ்வளவு தெளிந்த மனத்துடன் எழுதியிருந்தாலும், இதனால் செல்லாததாகியது. ஜான் வள்ளமட்டம் வழக்கில் 2003 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவு அரசியலமைப்பின் சமத்துவ உரிமைக்கு முரணானது எனக் கூறி அதனை நீக்கியது.

பிரிவு நீங்கினாலும் அதன் பின்னிருந்த கவலை நீங்கிவிடவில்லை. மனைவி, மைனர் குழந்தைகள், உடல் நலிந்த உறவினர் ஆகியோருக்கு வழி செய்யாமல் அறத்துக்கு அள்ளி எழுதுவது அறமாகாது. மேலும் அத்தகைய உயில்களே நீதிமன்றத்தில் மிகுதியாக எதிர்க்கப்படுகின்றன. கொடையளிக்க எண்ணுவோர் குடும்பத்தினரிடம் அதனை முன்னரே சொல்லிவிடுவது, பிற்காலப் பிணக்குகளைத் தவிர்க்கும்.

எழுதும் முறையும் பாதுகாப்பும்

உயிலுக்கு முத்திரைத் தாள் தேவையில்லை. வெள்ளைத் தாளே போதும். உயில் எழுதுபவர் கையொப்பமோ கைந்நாட்டோ இடவேண்டும். சாட்சிகள் இருவராவது அதனை நேரில் கண்டோ, தாமே ஒப்பமிட்டதாக அவர் கூறக் கேட்டோ, அவர் முன்னிலையில் ஒப்பமிட வேண்டும். முஸ்லிம் சட்டத்தில் உயில் வாய்மொழியாகவும் அமையலாம். எனினும் எழுத்தில் இருப்பதே பின்னர் மெய்ப்பிக்க எளிது. உயிலால் பயன்பெறுபவர் சாட்சியாக ஒப்பமிடலாகாது என்பதைப் பொதுவிதியாகக் கொள்வது நலம். அறநிறுவனத்தின் ஊழியர் சாட்சியாக நிற்பதும் தவிர்க்கத்தக்கது.

பயன்பெறுபவரே முன்னின்று எழுதுவித்த உயில் ஐயத்துக்கு இடமளிக்கும் என்பதையும், ஐயத்தைப் போக்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவரையே சாரும் என்பதையும் 1958-இல் உச்ச நீதிமன்றம் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் விளக்கியுள்ளது. ஆதலின் சிகிச்சை தரும் நிறுவனமே நோயாளியின் உயிலைத் தயாரித்துக் கொடுப்பது இருதரப்புக்கும் கேடாகும். நோயாளி தம் விருப்பப்படி ஒரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள வேண்டும். உடல் நலிந்த நிலையில் எழுதும்போது, மனத்தெளிவு குறித்து மருத்துவர் ஒருவரின் சான்று பெற்று இணைப்பது பயன் தரும்.

1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி உயிலைப் பதிவு செய்வது கட்டாயமன்று. விரும்பினால் எப்பொழுதும் பதியலாம். முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் வைப்புச் செய்யவும் அச்சட்டம் வழி செய்கிறது. பதிவு பெற்றதனாலேயே உயில் ஐயத்துக்கு அப்பாற்பட்டதாகிவிடாது. ஆனால் தொலைந்தது, திருத்தப்பட்டது என்ற வாதங்களுக்கு இடம் குறையும். நம்பகமான ஒருவரை நிறைவேற்றுநராக நியமித்து, உயில் இருக்குமிடத்தை அவருக்குத் தெரிவித்தலும் வேண்டும். எவரும் அறியாமல் பெட்டியில் கிடக்கும் உயிலால் எந்த நோயாளிக்கும் பயனில்லை.

நியமனம் வேறு, உரிமை வேறு

வங்கிக் கணக்கிலும் பங்குகளிலும் நியமனதாரராகக் குறிக்கப்பட்டவரே உரிமையாளர் என்னும் தவறான எண்ணம் பரவலாக உள்ளது. நியமனதாரர் பெரும்பாலும் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே. உரிமை உயிலின்படியோ வாரிசுச் சட்டத்தின்படியோ அமையும். பங்குகளைக் குறித்தும் இதுவே சட்டம் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் உறுதி செய்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், பெற்றோர், மனைவி அல்லது கணவர், குழந்தைகள் ஆகியோர் நியமிக்கப்பட்டால் அவர்களுக்கே பயன் சேரும் வகையில் 2015-இல் சட்டம் திருத்தப்பட்டது. உயில் எழுதுபவர் தம் நியமனங்களையும் உடன் சரிபார்த்தால், ஒரே தொகைக்கு இருவர் உரிமை கோரும் நிலை எழாது.

நிறுவனங்களின் பொறுப்பு

கொடையாளி மறைந்தபின் கேள்வி கேட்க அவர் இருப்பதில்லை. ஆகவே பெறும் நிறுவனத்தின் பொறுப்பு மிகுதியாகிறது. உயில்வழி வந்த நிதிக்குத் தனிக் கணக்கு வைத்தல், குறிக்கப்பட்ட நோக்கத்துக்கே செலவிடுதல், ஆண்டறிக்கையில் வெளியிடுதல் ஆகியவை இன்றியமையாதவை. கொடையாளிகளும் நோக்கத்தை மிகக் குறுக்கிவிடலாகாது. இன்னதொரு கருவி வாங்குக என்று எழுதினால், அக்கருவி பழமைப்பட்டுப் போகும் காலம் வரலாம். ‘ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கும் தங்குமிடத்துக்கும்’ என்பது போன்ற சொற்கள் தெளிவையும் நெகிழ்வையும் ஒருங்கே தரும். பொது அறக்கட்டளையின் நிர்வாகத்தில் முறைகேடு நேர்ந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றத்தை அணுகலாம். முதல் நோக்கம் நிறைவேற இயலாதபோது அதற்கு நெருங்கிய நோக்கத்துக்குச் சொத்தைத் திருப்பும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு.

பதிவுத் துறை, நல்வாழ்வுத் துறை, ஓய்வூதிய அலுவலகங்கள் ஆகியவற்றில் பணிபுரிவோர் உயில் பற்றிய அடிப்படைச் செய்திகளை எளிய மொழியில் மக்களுக்கு எடுத்துரைக்கலாம். எந்நிறுவனத்துக்கு அளிப்பது என்பது கொடையாளியின் விருப்பம். அவ்விருப்பம் பழுதின்றி எழுத்தில் அமைய உதவுவது அலுவலரின் கடன்.

புற்றுநோய்ப் பணிக்கு அரசின் ஒதுக்கீடே முதன்மையானது. தனியார் கொடை அதற்கு மாற்றாகாது. ஆயினும் அரசுத் திட்டம் எட்டாத இடங்களில் ஒரு படுக்கைக்கோ, ஒரு வேளை மருந்துக்கோ, துணைக்கு வந்தவர் தங்கும் ஓர் அறைக்கோ அக்கொடை உதவும். மனமுவந்து அளிக்கப்பட்ட ஒன்று, பெறுபவரின் பெயர் பிழையாலோ, சாட்சியின் குறையாலோ, ‘தருமம்’ என்ற பொதுச் சொல்லாலோ வீணாகிவிடலாகாது. தெளிந்த மனத்துடன், உடல்நலம் உள்ள காலத்திலேயே, குடும்பத்தார் அறிய எழுதப்படும் ஒரு பக்க உயில், முன்பின் அறியாத ஒரு நோயாளிக்குச் சிகிச்சையை நிறைவு செய்யும் வாய்ப்பைத் தரக்கூடும்.